அண்ணனின் டட்சன் 120ஒய்: தாழ்த்தலாமா, வேண்டாமா?

வலிமிகும் இடங்கள், பயிற்றிகள், குறைநீக்கல் போதனை என்றே எழுதிவரும் நான், இம்முறை மகிழுந்தின் சுருள்வில்லைப் பற்றி எழுதப் புகுந்திருப்பது உங்களுக்கு வியப்பாக இருக்கலாம். எனக்கும் வியப்பே! ஆனால் சில மாதங்களாக ஆசிரியர் அறையிலும் பெற்றோர் கூட்டத்திற்குப் பின்னும் தாய்மார்கள் இதையே என்னிடம் கேட்கிறார்கள்: “டீச்சர், மகன் காடியை இறக்கணும்னு நிக்கிறான். என்ன செய்யறது?” எங்கள் குடும்பத்தில் நடந்ததை எழுதிவைத்தால், கேட்பவர்களுக்கு இப்பக்கத்தைக் காட்டிவிடலாமே என்று தோன்றியது. பொறியியல் படித்தவள் அல்லேன். தொடக்கப்பள்ளியில் கணிதமும் அறிவியலும் கற்பிப்பவள். அந்த அளவுக்கு விளங்கியதை மட்டும் எழுதுகிறேன்.

‘இறக்குதல்’ என்றால் என்ன என்று அறியாத ஆசிரிய நண்பர்களுக்கு ஒரு வரி. மகிழுந்தின் உடல் சக்கரங்களின் மேல் நேரடியாக அமர்ந்திருப்பதில்லை; வில்களின் மேல் அமர்ந்திருக்கிறது. அவ்வில்களைக் குட்டையாக்கினால் உடல் தரையை நெருங்கும். பார்ப்பதற்குக் கம்பீரமாக இருக்கிறது என்பது இளைஞர்களின் கருத்து. பழைய மகிழுந்துகளுக்கு அது இன்னும் பொருந்துகிறது என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். 1970ஆம் ஆண்டுகளின் மகிழுந்துகள் மெல்லிய டயர்மேல் நெடிதாக நிற்பவை. சற்றுத் தாழ்ந்தால் அவற்றின் வடிவம் எடுப்பாகத்தான் தெரிகிறது.

என் அண்ணன் வைத்திருந்தது டட்சன் 120ஒய். 1973இல் ஜப்பானில் வெளிவந்த நிசான் சன்னியின் மூன்றாம் தலைமுறைதான் நம் நாட்டில் இப்பெயரால் ஓடியது. 1,171 சிசி இயந்திரம், பின்சக்கர இயக்கம். முன்புறத்தில் மெக்பர்சன் எனப்படும் தூண் அமைப்பும் சுருள்வில்லும்; பின்புறத்தில் மாட்டுவண்டிக் காலத்திலிருந்து வந்தது போன்ற பட்டைவில்லும் திண்ணிய அச்சும். மலாயாவில் 1957 முதல் டட்சனைக் கொண்டுவந்து விற்றவர்கள் தான் சோங் நிறுவனத்தார். டட்சன் என்னும் பெயரே 1980களில் மறைந்து, 2013இல் திரும்பி வந்து, 2022இல் மீண்டும் மறைந்துவிட்டது. ஆனால் ஆயர் ஈத்தாமிலும் ஜெலுத்தோங்கிலும் அடுக்குமாடி வீடுகளின் கீழே துணி போர்த்தப்பட்ட 120ஒய்களை இன்றும் காணலாம். அண்ணன் 2021இல் காலமான பிறகு அவருடையதும் அப்படித்தான் நின்றது. மூன்று ஆண்டுகள் எவரும் அதைத் தொடவில்லை. 2024இல் அவர் மகன் அதற்குப் புதிய மின்கலம் வாங்கிப் போட்டு, சாலை வரியைப் புதுப்பித்து ஓட்டத் தொடங்கினான். அப்போது அவனுக்குப் பத்தொன்பது வயது.

2025 ஜூன் பள்ளி விடுமுறையில் அண்ணி தொலைபேசியில் அழைத்தார். “நீ சொன்னா கேப்பான். வேணாம்னு சொல்லு” என்றார். அவர் குரலில் கோபத்தைவிட அச்சமே மிகுந்திருந்தது. தந்தை இல்லாத பிள்ளை, நண்பன் ஒருவனோடு சேர்ந்து, வெட்டு விளக்கால் வில்லை வெட்டப் போகிறானாம். அதுவும் வீட்டுக்குக் கீழே, வண்டி நிறுத்துமிடத்திலேயே. இரவில் உணவு விநியோகம் செய்து அவன் சேர்த்திருந்தது 700 வெள்ளி. அத்தொகைக்குள் மூன்று அங்குலம் இறக்கிவிட வேண்டும் என்பது அவன் திட்டம்.

நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. இருபது வயதுப் பிள்ளையிடம் வேண்டாம் என்றால், வேலை நிற்காது. நமக்குத் தெரியாமல் நடக்கும், அவ்வளவே. வகுப்பறையில் இருபது ஆண்டுகளுக்கு மேல் நின்றவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. “வெட்டறதுக்கு முன்னால எனக்கு ரெண்டு விசயம் சொல்லு. இப்ப எவ்ளோ உயரம் இருக்கு? எவ்ளோ ஆகணும்?” என்று மட்டும் கேட்டேன். அவனுக்கு இரண்டுக்கும் விடை தெரியவில்லை. “கீழ இருக்கணும் அத்தை” என்றான். “கீழ” என்பது அளவு அன்று என்றேன்.

வெட்டு விளக்கைப் பற்றி அன்றே ஒன்று சொன்னேன். திருப்பாச்சி அரிவாளைப் பற்றி நம் தாத்தாக்கள் பேசக் கேட்டிருப்போம். இரும்பைக் காய்ச்சி, தண்ணீரில் தோய்த்து, மீண்டும் இளஞ்சூட்டில் ஆற்றிப் பதம் ஏற்றுவது கொல்லரின் கலை. வில்லுக்குரிய எஃகும் அவ்வாறே பதம் ஏற்றப்பட்டதுதான். அதைச் செந்தணல் ஆகும்வரை சுட்டால் பதம் இறங்கிவிடும். சுட்ட இடத்தை ஒட்டிக் கம்பி ஓரிடத்தில் மென்மையாகும், வேறோரிடத்தில் மிகக் கடினமாகி நொறுங்கும் தன்மை பெறும். வெட்டியவுடன் வண்டி அழகாகத்தான் நிற்கும். பிறகு இடப்பக்கம் ஒரு விதமாகவும் வலப்பக்கம் வேறு விதமாகவும் அமுங்கத் தொடங்கும். ஒரு நாள் சாலைக் குழியில் முறியவும் கூடும். வெட்டாமலேயே வில்லைச் சுட்டு அமுக்குவோரும் உண்டு. அது இன்னும் கேடு.

மலிவாக இறக்கும் ஆசை நம் பிள்ளைகளுக்கு மட்டும் உரியதன்று. இரண்டாம் உலகப் போரை ஒட்டிய ஆண்டுகளில், லாஸ் ஏஞ்சலஸ் நகரத்து மெக்சிகோ வம்சாவளி இளைஞர்கள், பழைய செவ்ரோலெட் வண்டிகளின் பின்பெட்டியில் மணல் மூட்டைகளை ஏற்றித் தாழ்த்தினார்கள். பிறகு வில்லையும் வெட்டினார்கள். சக்கர வளையத்தின் அடிமட்டத்துக்குக் கீழே வண்டியின் எப்பகுதியும் தொங்கக்கூடாது என்று கலிபோர்னியா சட்டம் போட்டது. 1958 சனவரி முதல் அது நடப்புக்கு வந்தது. அதற்கு விடையாக 1959இல் ரோன் அகிரே என்பவர், விமானத்தின் உபரி உதிரிபாகங்களைக் கொண்டு விசையை அழுத்தினால் ஏறி இறங்கும் வண்டியைச் செய்தார். காவலர் வந்தால் ஏற்றிக்கொள்ளலாம் அல்லவா! அச்சட்டப் பிரிவு 2024இல்தான் கலிபோர்னியாவில் நீக்கப்பட்டது. ஜப்பானிலும் இதற்கு ‘ஷாகோத்தான்’ என்று தனிச்சொல்லே உண்டு. குட்டை உயரம் என்பது பொருள். அண்ணன் மகன் கைப்பேசியில் பார்த்து ஏங்கியவை பெரும்பாலும் ஜப்பானியப் படங்களே.

ஆனால் அவன் ஏக்கத்திற்கு வேறொரு படமும் காரணம் என்று அடுத்த நாள்தான் தெரிந்தது. அவன் பணப்பையில் ஒரு பழைய நிழற்படம் இருந்தது. 1999ஆம் ஆண்டுத் தைப்பூசம். தண்ணீர்மலைக்குச் செல்லும் சாலையோரம் 120ஒய் நிற்கிறது. ஓட்டுநர் இருக்கையில் அண்ணன், சன்னல் வழியே கையை வெளியே போட்டபடி. வண்டி உண்மையிலேயே தாழ்ந்து நிற்கிறது. பின்சக்கரத்தின் மேற்பகுதி உடலுக்குள் மறைந்திருக்கிறது. “அப்பா அப்பவே இறக்கி வெச்சிருக்காரு. அப்புறம் அம்மா சொல்லித்தான் ஏத்திட்டாரு போல. நான் அப்பா வெச்சிருந்த மாதிரியே வெக்கப் போறேன்” என்றான்.

அந்தப் படம் எடுத்தபோது நான் அவ்வண்டிக்குள் இருந்தேன். அப்போது ஒன்றும் சொல்லவில்லை. “சரி, அப்பா எவ்ளோ இறக்கினாருன்னு கண்டுபிடி” என்றேன்.

எப்படி என்று கேட்டான். ஐந்தாம் ஆண்டு விகிதக் கணக்குதான். படத்தைக் கணினியில் பெரிதாக்கினோம். அப்போது போட்டிருந்ததும் இப்போது இருப்பதும் ஒரே அளவு டயர்: 155/80, பதின்மூன்று அங்குல வளையம். 155இல் 80 விழுக்காடு 124 மில்லிமீட்டர். அது மேலும் கீழுமாக இருமுறை. வளையம் 330 மில்லிமீட்டர். ஆகக் கூடுதல் டயரின் விட்டம் ஏறத்தாழ 578 மில்லிமீட்டர். திரையில் அதே டயரின் அகலம் 289 புள்ளிகள். ஒரு புள்ளிக்கு 2 மில்லிமீட்டர்! இதைவிட நல்ல எண் எந்தப் பயிற்றியிலும் கிடைக்காது. சக்கரத்தின் மையத்திலிருந்து அதன் மேலுள்ள உடல் வளைவின் விளிம்புவரை பின்புறத்தில் 152 புள்ளிகள், அதாவது 304 மில்லிமீட்டர். தொடக்கப்பள்ளியில் கணிதத்தைக் கண்டாலே வயிற்றுவலி என்று சொல்லி வீட்டுக்குப் போனவன், இப்போது தானே மூன்று முறை அளந்து சரிபார்த்தான்.

பிறகு உண்மையான வண்டியை நான்கு மூலைகளிலும் அளந்தான். தரையிலிருந்து அளப்பதைவிடச் சக்கர மையத்திலிருந்து அளப்பதே நல்லது. டயரின் காற்று குறைவாக இருந்தாலும் அளவு மாறாது. பின்புறம் வலப்பக்கம் 360 மில்லிமீட்டர். இடப்பக்கம் 338. மீண்டும் அளந்தான். மீண்டும் 338. முன்புறம் இரண்டு பக்கமும் ஒத்திருந்தன. ஆக, இடப்பின் மூலை மட்டும் 22 மில்லிமீட்டர் தாழ்ந்திருந்தது. ஏன் என்று எங்கள் இருவருக்கும் தெரியவில்லை. பட்டறைக்குப் போக வேண்டும் என்று அவனே சொன்னான்.

ஜெலுத்தோங்கில் பழைய வண்டிகளைப் பார்க்கும் சீனப் பெரியவர் ஒருவரின் பட்டறை. என்னைக் கண்டதும் “சிக்கு” என்று நாற்காலி போட்டார். அவர் மலாயில் சொல்ல, நான் தமிழில் மனத்துக்குள் எழுதிக்கொண்டேன். வண்டியைத் தூக்கி, அடியில் விளக்கை வைத்துப் பார்த்தவர் ஒன்றும் பேசாமல் பையனைக் கைகாட்டி அழைத்தார். இடப்பின் பட்டைவில்லின் தலைப்பட்டை, அச்சைப் பிடிக்கும் இடத்துக்கு அருகே முறிந்திருந்தது. முறிவின் உட்புறம் துருவேறிக் கறுத்திருந்தது. புதிய முறிவன்று என்பதற்கு அதுவே அடையாளம். அதன் கீழே உள்ள பட்டைதான் வண்டியைத் தாங்கிக்கொண்டிருந்தது. தலைப்பட்டையின் இரண்டு முனைகளிலும் உள்ள வளையங்களே அச்சை வண்டியோடு பிணைப்பவை. அது முழுதும் விலகியிருந்தால் ஓட்டத்திலேயே பின்அச்சு ஒருபுறம் நகர்ந்துவிடும். பையன் ஒவ்வோர் இரவும் அந்த வண்டியில்தான் துன் சார்டோன் சாலையின் வளைவுகளில் ஏறி பாலிக் புலாவ் சென்று வந்துகொண்டிருந்தான். நான் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

இறக்கும் பேச்சு அன்று அதோடு நின்றது. இரண்டு பக்கமும் தலைப்பட்டையை மாற்றி, மற்றப் பட்டைகளைச் சரியாக வளைத்து அமைக்க 260 வெள்ளி. தேய்ந்துபோன ரப்பர் பூஷ்களுக்கு 48. லாரிகளுக்குப் பட்டைவில் செய்து தரும் இடத்தில் கொடுத்து வாங்கினோம். ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் போதாதா என்று பையன் கேட்டான். ஐம்பது வயதைத் தொடப்போகும் வில்லின் இரட்டைப்பிள்ளை மட்டும் இளமையாகவா இருக்கும் என்று பெரியவர் கேட்டாராம். 700இல் 308 போனது. பையன் முகம் வாடியது. ஆனால் ஒரு வார்த்தை முறையிடவில்லை.

வில் தயாராகும்வரை பெரியவர் அவனுக்கு ஒரு மாலைப் பொழுது பாடம் எடுத்தார். நான் கேட்டுக்கொண்டிருந்தேன், நல்ல ஆசிரியர் அவர். அதில் மூன்று செய்திகளை இங்கே பதிவுசெய்கிறேன்.

முதலாவது, சுருள்வில்லை வெட்டினால் அது குட்டையாவதோடு விறைப்பாகவும் ஆகிறது. பந்துமுனைப் பேனாவின் வில்லைப் பாதியாக வெட்டி விரலால் அழுத்திப் பாருங்கள், விளங்கும். ஏழு சுற்று வேலை செய்யும் வில்லில் ஒரு சுற்றை எடுத்தால், மீதி ஆறு. விறைப்பு ஆறில் ஒரு பங்கு, அதாவது ஏறத்தாழ 17 விழுக்காடு கூடும். கம்பியின் தடிப்பு இன்னும் கொடியது: தடிப்பு 10 விழுக்காடு கூடினாலே விறைப்பு 46 விழுக்காடு ஏறிவிடும். ஆகவே வேறு வண்டியிலிருந்து கழற்றிய குட்டை வில் மலிவாகக் கிடைக்கிறது என்றால், முதலில் கம்பியின் தடிப்பை அளந்து பார்க்க வேண்டும். இனி, ஒரு சுற்றை வெட்டினால் வண்டி எவ்வளவு இறங்கும்? கழற்றிய வில்லில் ஒரு சுற்றுக்கும் மறுசுற்றுக்கும் உள்ள தூரத்தை அளந்து பலர் ஏமாறுகிறார்கள். வண்டி தரையில் நிற்கும்போது, பாரத்தில் அமுங்கிய நிலையில், ஒரு சுற்றின் நடுவிலிருந்து அடுத்த சுற்றின் நடுவரை எவ்வளவோ அவ்வளவே இறங்கும். எங்கள் வண்டியில் அது 28 மில்லிமீட்டராக இருந்தது. கழற்றிய பின் அளந்தபோது 45!

இரண்டாவது, வண்டியை ஜாக்கியில் தூக்கிச் சக்கரம் தொங்கும்போதும் வில் தன் தட்டில் இறுக்கமாக அமர்ந்திருக்க வேண்டும். அளவுமீறி வெட்டினால் தொங்கும் நிலையில் வில் தளர்ந்து ஆடும். மேட்டைத் தாண்டிச் சக்கரம் இறங்கும் நொடியில் இடம் மாறி அமரும். மூன்று அங்குலத்துக்கு வெட்டினால் இந்த வண்டியில் அது நிச்சயம் நடக்கும் என்றார். அத்தோடு அதிர்வேற்பியின், பட்டறை மொழியில் அப்சோர்பரின், தண்டு போய்வர இடமின்றி அடியில் இடித்துக்கொண்டே இருக்கும். கீழ்க்கை கிடைமட்டத்தைத் தாண்டி மேல்நோக்கிச் சாய்ந்துவிடுவதால், சக்கரம் ஏறி இறங்கும்போதெல்லாம் திசைமாற்றியும் இழுக்கும். தாழ்ந்த வண்டி வளைவில் நன்றாகப் பிடித்துக்கொள்ளும் என்னும் நம்பிக்கை ஓரளவுக்குத்தான் மெய். மிகத் தாழ்ந்த வண்டி மோசமாகவே ஓடும்.

மூன்றாவது, பின்புறம். 120ஒய் வண்டியில் பட்டைவில் அச்சுக்குக் கீழே இருக்கிறது. வில்லுக்கும் அச்சுக்கும் இடையில் உலோகக் கட்டை ஒன்றை வைத்தால், கட்டையின் உயரம் எவ்வளவோ அவ்வளவு உடல் தாழும். இருப்பதிலேயே மலிவான வழி இது. முறையாகச் செய்தால் கெடுதல் குறைவு. வில்லின் நடு ஆணி கட்டையின் துளையிலும், கட்டையின் முளை அச்சின் துளையிலும் சரியாக அமர வேண்டும். அதற்கேற்ற நீளமான யூ போல்ட்டுகள் வேண்டும். மரக்கட்டை கூடாது. ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு கட்டைகள் கூடாது. கட்டை உயர உயர, வேகத்தை முடுக்கும்போது அச்சு முறுக்கிக்கொண்டு துள்ளும். சிலர் பணம் செலவழிக்காமல் பட்டைகளில் ஒன்றிரண்டை உருவிவிடுகிறார்கள். வண்டி தாழும், ஆனால் நால்வர் ஏறினால் வில் தட்டையாகிப்போகும். முறிந்த தலைப்பட்டையைப் பையன் கையில் கொடுத்து, “இதுக்குத் துணையா இருந்த பட்டையை உருவியிருந்தா?” என்று மட்டும் கேட்டார் பெரியவர்.

(இடைச்செருகல்: என் சக ஆசிரியர் ஒருவரிடம் மோரிஸ் மைனர் இருக்கிறது. 1948இல் வெளிவந்த, அலெக் இசிகோனிஸ் வடிவமைத்த வண்டி. அதன் முன்புறத்தில் சுருளே இல்லை, முறுக்குத்தண்டு மட்டுமே. தண்டின் பல்முனையை வேறு பல்லுக்கு மாற்றிப் பொருத்தினால், ஒரு பொருளும் வாங்காமல் முன்புறத்தை இறக்கிவிடலாம். இதைச் சொன்னதிலிருந்து அண்ணன் மகன் அவரைப் பொறாமையோடு பார்க்கிறான்.)

புதிய பட்டைவில் பூட்டிய பிறகு வண்டி இரண்டு பக்கமும் 360இல் நின்றது. கட்டைக்குச் சொல்லியனுப்புமுன் இன்னும் ஒன்றைச் சோதித்துவிடலாம் என்றேன். அண்ணி விருந்துகளுக்குச் சமைத்துக் கொடுப்பவர். வீட்டில் பத்துக் கிலோ அரிசி மூட்டைகள் எப்போதும் இருக்கும். ஐந்து மூட்டைகளைப் பின்பெட்டியில் ஏற்றி அளக்கச் சொன்னேன். 15 மில்லிமீட்டர் தாழ்ந்தது. முன்புறம் அசையக்கூட இல்லை. ஒரு நூல் உயர்ந்ததென்றே சொல்லலாம். இறக்கினான், பழைய உயரம் வந்தது. இப்போது அப்பாவின் படத்தில் உள்ள 304ஐ எடுத்துக்கொள் என்றேன். 360இல் 304 போனால் 56. ஐம்பது கிலோவுக்கு 15 என்றால் 56க்கு எத்தனை கிலோ? கைப்பேசியில் தட்டினான். ஏறத்தாழ 187.

படத்தை மீண்டும் எடுத்துப் பார்த்தான். முன்சக்கரத்தைப் பார்த்தான். முன்புறம் தாழவே இல்லை. மூக்கு சற்றுத் தூக்கியே இருந்தது. இத்தனை நாள் அவன் கண்ணுக்கு அது தெரியவில்லை.

“அப்பா இறக்கலையா அத்தை?”

இல்லை என்றேன். அன்று பின்னிருக்கையில் நான், அவன் பாட்டி, பாட்டியின் தங்கை ஆகிய மூவர். பின்பெட்டியில் தண்ணீர்ப் பந்தலுக்கு எடுத்துச் சென்ற இரண்டு பெரிய வெண்கலப் பானைகள், சர்க்கரை மூட்டை, எலுமிச்சம்பழக் கூடை. பாட்டி வழியெல்லாம் “வண்டி உக்காந்துபோச்சுடா” என்று சொல்லிக்கொண்டே வந்தார். அண்ணன் சிரித்துக்கொண்டே ஓட்டினார். படத்தில் சன்னல் கண்ணாடி வெயிலில் மின்னுவதால் நாங்கள் தெரியவில்லை. லாஸ் ஏஞ்சலஸ் மணல் மூட்டைக் கதையை அப்போதுதான் அவனிடம் சொன்னேன். சிறிது நேரம் பேசாமல் இருந்தான். பிறகு, யார் எந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தீர்கள் என்று கேட்டான். அண்ணன் என்ன பேசிக்கொண்டு வந்தார், பாட்டு ஓடியதா, படம் எடுத்தது யார் என்று வரிசையாகக் கேட்டான். நினைவிலிருந்த எல்லாவற்றையும் சொன்னேன். அண்ணன் காலமான பிறகு அவரைப் பற்றி அவன் என்னிடம் கேள்வி கேட்டது அதுவே முதல் முறை. அண்ணி சமையலறை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

இறக்கும் ஆசையை அவன் விட்டுவிட்டான் என்று நீங்கள் எதிர்பார்த்தால் தவறு. இருபது வயது அப்படிப்பட்டதன்று. ஆனால் மூன்று அங்குலம் என்ற பேச்சு போய்விட்டது. முன்புறம் ஒரு சுற்று, பின்புறம் ஓர் அங்குலக் கட்டை; அவ்வளவு போதும் என்று அவனே பெரியவரிடம் சொன்னான். முன்புறம் 28, பின்புறம் 25 மில்லிமீட்டர். முன் வில்லை அழுத்திப் பிடிக்கும் கருவியோடு பட்டறையிலேயே கழற்றினார்கள். பெற்றோர்களே, இதை மட்டும் வீட்டில் செய்ய விடாதீர்கள். அமுங்கிய வில் விடுபட்டால் எலும்பை முறிக்கும். வெட்டியது கிரைண்டர் தட்டால், இடையிடையே தண்ணீர் ஊற்றிச் சூடேறாமல். பூட்டிய பிறகு சக்கரத்தைத் தொங்கவிட்டு, வில் தட்டில் இறுக்கமாக அமர்ந்திருக்கிறதா என்று பெரியவர் பையனின் கையாலேயே ஆட்டிப் பார்க்கச் செய்தார். அசையவில்லை.

கணக்கை ஒளிக்காமல் எழுதுகிறேன், கேட்பவர்கள் இருப்பார்கள். பட்டைவில்லுக்கும் பூஷ்களுக்கும் 308. கடைந்த இரும்புக் கட்டைகளும் யூ போல்ட்டுகளும் 110. முன்புற வேலைக் கூலி 120. சக்கர நேரமைப்பு 35. பின்புற அதிர்வேற்பிகள் கசிந்திருந்ததால் புதிய இணை 150. மொத்தம் 723 வெள்ளி. குறைந்த 23 வெள்ளியை நான் கொடுத்தேன். குளிர்சாதனப் பெட்டியின் மேல் ‘அத்தைக்கு 23’ என்று ஒட்டிவைத்திருக்கிறான்.

இறக்கிய பிறகு பலர் மறக்கும் சில வேலைகள் உண்டு. சக்கர நேரமைப்பைச் செய்யாவிட்டால் டயரின் உள்விளிம்பு விரைவில் தேயும். முன்விளக்குகளின் சாய்வையும் மீண்டும் சரிசெய்ய வேண்டும். திசைமாற்றியை இரு புறமும் முழுதாக ஒடித்து, டயர் எங்கும் உரசவில்லை என்றும், பிரேக் குழாய்கள் எதிலும் படவில்லை என்றும் பார்க்க வேண்டும். நூறு கிலோமீட்டர் ஓடிய பின் யூ போல்ட்டுகளை மீண்டும் இறுக்க வேண்டும். புதியவை முதலில் சற்றுத் தளரும். சட்டமும் இருக்கிறது. வாகனங்களின் கட்டமைப்புக்கு 1959ஆம் ஆண்டு விதிகளும், அதற்கு மேல் 1987ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டமும் உள்ளன. வண்டியின் அமைப்பில் கைவைக்குமுன் ஜே.பி.ஜே.யிடம் கேட்டுத் தெளிவது நல்லது. காப்புறுதி முகவருக்கு நாங்கள் செய்ததை எழுத்திலேயே தெரிவித்துவிட்டோம். விபத்து நேர்ந்த பிறகு விவாதிப்பதைவிட இது எளிது.

பினாங்கில் தாழ்ந்த வண்டிக்கு இடர்கள் பல. பள்ளிவாசல்களில் நாமே கேட்டு வாங்கிய போங்கோல்கள். கடைவீதியின் பழைய கால்வாய் விளிம்புகள். ஒரு மணி நேரம் மழை கொட்டினால் நீர் ஏறிக்கொள்ளும் தெருக்கள். 2017 நவம்பர் வெள்ளத்தைக் கண்டவர்களுக்கு, தரைக்கும் வண்டிக்கும் இடையே ஓர் அங்குலம் எவ்வளவு பெரிது என்று தெரியும். 2020ஆம் ஆண்டு இறுதியோடு ஓய்வுபெற்ற பழைய ஃபெரியின் ஏற்றப்பலகையில் தாழ்ந்த வண்டிகள் மூக்கை உரசிக்கொள்ளும் ஓசை என் காதில் இன்னும் இருக்கிறது. எங்கள் பள்ளிவாசல் போங்கோலைப் பையன் மெதுவாகக் கடந்து காட்டினான். ஒருவர் மட்டும் இருந்தால் உரசவில்லை. நால்வர் ஏறினால் புகைக்குழாயின் பிடிப்பு இலேசாகத் தட்டுகிறது. ஆகவே அவன் நண்பர்கள் இருவரை அங்கே இறங்கி நடக்கச் சொல்கிறான். நல்லதுதான், பருமனாக இருக்கிறார்கள்.

வெட்டிய இரண்டு சுற்றுகளும் முறிந்த தலைப்பட்டையும் இப்போது என் வகுப்பறையின் அறிவியல் மூலையில் இருக்கின்றன. ஆறாம் ஆண்டு மாணவர்கள் அவற்றைத் தூக்கிப் பார்த்து எடையை ஊகிக்கிறார்கள். அண்ணிக்கு மட்டும் ஒரு குறை: முட்டிவலிக்காரர் ஆகையால், வண்டியில் ஏறி உட்காருவது முன்னைவிட எளிதாக இருக்கிறதாம், இறங்குவதற்குத்தான் மகன் வந்து கைகொடுக்க வேண்டியிருக்கிறதாம்.